மழை பெய்யும்போதா, பெய்யாதபோதா?

போன வாரம், இளம் பிசியோதெரபிஸ்ட்டுகளான உங்களில் ஒருவர் எனக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பியிருந்தீர்கள். பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். "மேடம், பேஷண்ட்டுக்கு எக்ஸ்ரே நார்மல், ரத்தம் நார்மல், ஸ்கேனும் நார்மல். எல்லாம் ஸ்ட்ரெஸ்தான். சொல்லி அனுப்பிவிட்டேன்." பக்கத்தில் சிரிக்கிற பொம்மை ஒன்று வேறு. அந்தப் பொம்மையைப் பார்த்து வந்த எரிச்சலில் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டேன், வாய்க்கால் நிறைந்து பாதைக்கு வந்துவிட்டது. என்னத்தைச் சொல்லி அனுப்பினீர்கள்? எங்கே அனுப்பினீர்கள்? அந்த ஸ்ட்ரெஸ் எந்த வீட்டில் இருக்கிறதோ அதே வீட்டுக்குத்தானே?

ஓய்வு பெற்று, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னைக்கு நடுவே உட்கார்ந்திருக்கிற ஒரு பழைய பிசியோதெரபிஸ்ட்டுக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரரும் அதையேதான் கேட்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால், "உனக்கு ஒன்றுமில்லை, போ" என்பார்கள். இப்போது நீங்கள், "உனக்கு ஸ்ட்ரெஸ், போ" என்கிறீர்கள். முன்னால் இருந்த வார்த்தையை மாற்றிவிட்டு, பின்னால் இருக்கும் "போ"வை அப்படியே வைத்திருக்கிறீர்கள். இதற்கா இத்தனை வருஷம் படித்தீர்கள்?

எனக்கு வேலை பழக்கிய அம்மா ஒருவர் இருந்தார். கோயம்புத்தூரில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில். பேச்சு குறைவு. நோயாளி வலி என்றதும் முதலில் கையை வைப்பார், பிறகுதான் கேள்வி கேட்பார். ஒருமுறை ஒரு லாரி டிரைவர் வந்தார். வாளையார் செக்போஸ்ட்டில் நாள் முழுக்க வண்டியை வரிசையில் நிறுத்திக் காத்துக் கிடக்கிறவர். வயிறும் முதுகும் சேர்ந்து வலிக்கிறது என்றார். நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, சும்மா யோசனை பண்ணாமல் இருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு அந்த அம்மா துண்டை மடித்துக்கொண்டே கேட்டார்: "வலிக்குதுங்கறவங்ககிட்ட வலிக்கலைன்னு சொல்றதுக்கு உனக்கு யாரு சம்பளம் தர்றாங்க?" அந்தக் கேள்வியை இன்றைக்கும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.

ஸ்கேன் எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எடுங்கள். எலும்பையும் ரத்தத்தையும் இதயத்தையும் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். ஆனால் அதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த இடத்தில்தான் நம் வேலை தொடங்குகிறது. நீங்கள் அங்கே வேலையை முடித்துவிட்டு டீ குடிக்கப் போகிறீர்கள். இதைச் சும்மா சொன்னால் உங்களுக்கு ஏறாது. அதனால் ஏலப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் பணி முடிக்கும் முன் கடைசியாக இருந்தது அந்த மலையில்தான். வாரத்தில் ஒரு நாள் பாலியேட்டிவ் ஜீப்பில் ஏறி, படுக்கையில் கிடக்கிற நோயாளிகளை அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்ப்போம். தொழிலாளர் வீடுகளை அங்கே லயம் என்பார்கள். நீளமாக ஒரே கூரை, கீழே வரிசையாகக் குடும்பங்கள். நான் சொல்லும் லயத்துக்குப் பின்னால் சுவரைத் தொட்டாற்போல வெட்டிய மண்மேடு, மேட்டுக்கு மேலே தேயிலைக் காடு. அந்த வரிசையின் கடைசி வீட்டில் முத்தையா இருந்தார். ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். பக்கவாதம் வந்து வலது கை, வலது கால் போய்விட்டது, பேச்சும் குழறும். அவர் மனைவி பேச்சியம்மாள் கொழுந்து எடுக்கிறவர். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பேச்சியம்மாளுக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது, வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். அதனால் இவர்கள் இருவரும் அங்கேயே இருந்தார்கள்.

நான் போனது முத்தையாவுக்காக. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவரை எப்படி மாற்றுவது, அக்குளுக்குக் கீழே கையை எப்படிக் கொடுப்பது, இடுப்பைக் கெடுத்துக்கொள்ளாமல் எப்படி இழுப்பது என்றெல்லாம் பேச்சியம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நல்ல சூட்டிகையான பெண்மணி, ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். நான் டாக்டர் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லியும் என்னை "டாக்டரம்மா" என்றுதான் கூப்பிடுவார். என் கொங்குப் பேச்சைக் கேட்டு முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பார்.

முத்தையாவிடம் எனக்கு ஒரே ஒரு குறை. எப்போது போனாலும் தூங்குவார். பட்டப்பகலில் வாயைத் திறந்துகொண்டு குறட்டை. எழுப்பினால்தான் பயிற்சி. "ராத்திரியும் இதே குறட்டதான். மழை கூரையப் பிச்சு எறிஞ்சாலும் இந்த மனுசனுக்குக் கேக்காது. குடுத்து வச்ச பெறப்பு" என்பார் பேச்சியம்மாள். அப்படித் தூங்குகிற ஆளுக்கு பிரஷர் மட்டும் இறங்கவே இல்லை. மாத்திரையை மாற்றினார்கள், அளவைக் கூட்டினார்கள், உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். மழைக்காலத்தில் அந்த வலது கை இன்னும் விறைப்பாக இருக்கும். குளிர்தான் காரணம் என்று நான் ஒரு கம்பளிக் கையுறை வாங்கிக் கொடுத்தேன்.

பேச்சியம்மாளுக்கு வலது தோள், கழுத்து, இடுப்பு, எல்லாம் வலி. தாடைகூட வலிக்கிறது, காலையில் வாயைத் திறக்க முடியவில்லை என்பார். சர்க்கரையும் ஏறிக்கொண்டிருந்தது. அந்த மலையில் மழைக்காலம் வந்தால் எல்லோருக்கும் வலிதான், எல்லோரும் ஒரே காரணம்தான் சொல்வார்கள்: தண்ணுப்பு, அதாவது குளிர், அதனால் வாதம். கடையில் விற்கிற தைலத்தை எல்லாம் வாங்கித் தேய்த்து, லயம் முழுக்க அதன் வாசனைதான் அடிக்கும். டிஸ்பென்சரியில் வலி மாத்திரை, ஆஸ்பத்திரியில் நம் ஒத்தடம். சொந்தக்காரர் வீட்டுக்குக் கீழே சமவெளிக்குப் போனால் வலி போய்விடுகிறதே, அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. குளிர் இல்லை, அதனால் வலி இல்லை என்று எல்லோருமாக முடிவு செய்துவிட்டோம்.

அந்த வருஷம் எங்களோடு புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். உங்களைப் போலவே நன்றாகப் படித்த பெண். பேச்சியம்மாளிடம், வலி பத்துக்கு எத்தனை என்று கேட்டாள். பேச்சியம்மாள், "மழை பெய்யும்போதா, பெய்யாதப்பவா?" என்று திருப்பிக் கேட்டார். அந்தப் பெண் பொறுமையாக, பொதுவாகச் சொல்லுங்கள் அம்மா என்றாள். பேச்சியம்மாள், அப்படீன்னா ஏழுன்னு போட்டுக்கோ என்றார். அவளும் ஏழு என்று எழுதிக்கொண்டாள்.

அட கடவுளே. பத்துக்கு எத்தனை என்று நீங்கள் கேட்பது மார்க் போடுவதற்கா? எதிரில் இருக்கிறவர் உங்களைவிட நல்ல கேள்வி ஒன்றைக் கேட்கும்போது உங்கள் கேள்வியைக் கீழே வையுங்கள். இதை நான் அன்றைக்கு ஜீப்பில் அந்தப் பெண்ணிடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன், பாவம், அழுதுவிட்டாள். இப்போது அவள் என்னைவிட நன்றாக வேலை செய்கிறாள், அதனால் வருத்தமில்லை.

அடுத்த முறை போனபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. பேச்சியம்மாளின் தோளில் கையை வைத்தேன், உரல்கல் மாதிரி இருந்தது. மாதங்களுக்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய சாதாரணக் கேள்வியை அன்றைக்குத்தான் கேட்டேன்.

"ஏனுங்க பேச்சியம்மா, ராத்திரி எங்கீங்க படுக்கறீங்க? எந்தப் பக்கமா திரும்பிப் படுக்கறீங்க?"

"படுக்குறதா?" என்றார் அவர். "மழக்காலத்துல எங்கிட்டு டாக்டரம்மா படுக்குறது?"

அவர் சொல்லவில்லை, செய்தே காட்டினார். மழை கனத்தால் முத்தையாவின் மெத்தையைக் கட்டிலிலிருந்து இறக்கி, அவரோடு சேர்த்துக் கதவுப் பக்கம் இழுத்துப் போடுவார். கதவில் சாய்ந்து உட்கார்ந்து, அவர் தலையை மடியில் வைத்துக்கொள்வார். வலது கை அவருடைய அக்குளுக்குக் கீழே. இடது கை கதவின் தாழ்ப்பாளில். சேலை இறுக்கிச் செருகியிருக்கும். ரேஷன் கார்டும் மாத்திரையும் ஒரு பையில், பை கழுத்தில். விடியும்வரை அப்படியே உட்கார்ந்து மேட்டின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

மண் சரிந்து வருவதை அங்கே உருள்பொட்டல் என்பார்கள். அந்த மலைகளில் அது என்ன செய்யும் என்று யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. "சத்தம் கேட்டா இழுத்துட்டு ஓடணும்லா. மத்தவுக ஓடிருவாக. இவுகளை நான்தானே இழுக்கணும்" என்றார் பேச்சியம்மாள். அக்குளுக்குக் கீழே கை கொடுக்கிற அந்தப் பிடி நான் சொல்லிக் கொடுத்தது. நாற்காலிக்கு மாற்றுவதற்காகச் சொல்லிக் கொடுத்தேன், அவர் அதை வைத்து உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது உங்கள் பாடப் புத்தகத்துக்கு வருவோம். பயந்த உடம்பு ஓடத் தயாராகிறது. தோள் மேலே ஏறுகிறது, பல் பல்லைக் கடிக்கிறது, இடுப்பு இறுகுகிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, பிரஷர் ஏறுகிறது. ஓடி முடித்தால் எல்லாம் தளர்ந்துவிடும். ஓடவும் முடியாமல், படுக்கவும் முடியாமல் ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே உட்கார்ந்தால் என்ன ஆகும்? வலி என்ன, நோயே வரும். தூக்கம் கெட்டால் சின்ன வலியும் பெரிதாகும், பெரிதான வலி தூக்கத்தை இன்னும் கெடுக்கும். இது கற்பனையும் இல்லை, பலவீனமும் இல்லை. உடம்பு அதன் வேலையைச் செய்கிறது.

நான் டிஸ்பென்சரி டாக்டரிடம் போய்ச் சொன்னேன். நல்ல பையன், மரியாதையாகக் கேட்டான். அப்படியானால் டென்ஷன்தான் மேடம், நானும் அதைத்தான் நினைத்தேன் என்றான். எஸ்டேட்டின் வெல்ஃபேர் ஆபீசரிடம் அவனே பேசினான். அந்த மனிதரும் உடனே ஏற்பாடு செய்தார். என்ன ஏற்பாடு தெரியுமா? மேட்டைப் பார்க்க இன்ஜினியரையா கூப்பிட்டார்? மன அழுத்தம் போக்கும் வகுப்பு வைத்தார்.

நானும் போயிருந்தேன். டவுனிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார், நல்லவர், குரலும் இனிமையானது. லயத்துப் பெண்களை எல்லாம் சங்கக் கட்டடத்தில் உட்காரவைத்து, கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார். பிறகு, "நீங்கள் ஒரு பச்சை மலைச்சரிவில் இருக்கிறீர்கள், மெல்ல மழை பெய்துகொண்டிருக்கிறது" என்று சொன்னார். ஒருவர் பாக்கி இல்லாமல் அத்தனை பேரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. கடைசியில் ஆளுக்கு ஒரு பழரசப் பாக்கெட் கொடுத்து, போட்டோ எடுத்து அனுப்பிவைத்தார்கள்.

கொஞ்ச நாளில் ரெட் அலர்ட் வந்தது. மலைச்சரிவில் இருக்கிற லயங்களை எல்லாம் காலி செய்து கீழே பள்ளிக்கூடத்தில் கேம்ப் வைத்தார்கள். முத்தையாவை நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி வந்தார்கள். நான் தினமும் கேம்புக்குப் போனேன். வகுப்பறை சிமெண்ட் தரையில் பாயை விரித்து எல்லோரும் வரிசையாகப் படுத்திருந்தார்கள். முதுகுக்கு இதைவிட மோசமான படுக்கை கிடையாது. மெத்தையைப் பற்றி நான் எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அந்தத் தரையில், கொட்டுகிற மழையில், பேச்சியம்மாள் காலை நீட்டி மல்லாந்து தூங்கினார். சில நாளிலேயே கழுத்து திரும்பியது, தாடை திறந்தது. கேம்ப் அடுப்பில் நின்று அத்தனை பேருக்கும் கஞ்சியும் பயறும் கிளறிப் போட்டார், தோள் வலி என்று ஒரு வார்த்தை இல்லை. முத்தையாவின் பிரஷர்கூட இறங்கியிருந்தது. வேளாவேளைக்கு மாத்திரை கொடுக்கிறார்கள், அதனால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வெயில் வந்தது. அலர்ட்டை எடுத்துவிட்டார்கள், பள்ளிக்கூடம் திறக்க வேண்டும். ஒரு காலையில் வில்லேஜ் ஆபீசர் வந்தார், நடுத்தர வயதுப் பெண்மணி. எஸ்டேட் ஜீப்போடு வெல்ஃபேர் ஆபீசரும் வந்தார். எல்லோரும் அவரவர் லயத்துக்குத் திரும்பலாம் என்று அறிவித்தார்கள். சனங்கள் பாயைச் சுருட்ட ஆரம்பித்தார்கள். பேச்சியம்மாள் கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நிமிரப் போனார். நிமிர முடியவில்லை. இடுப்பைப் பிடித்தபடி அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தவர், எழவில்லை.

அதுவரை ஓடியாடிக்கொண்டிருந்த பெண்மணி ஜீப்பைப் பார்த்ததும் விழுந்தால் என்ன சொல்வார்கள்? அதையேதான் சொன்னார்கள். நடிப்பு என்றார் வெல்ஃபேர் ஆபீசர். மெதுவாகக்கூட இல்லை, பேச்சியம்மாள் காதில் விழும்படியே சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். டிஸ்பென்சரி டாக்டர், ஒரு ஊசி போட்டு ஜீப்பில் ஏற்றிவிடலாம், மேலே போய் ரெஸ்ட் எடுக்கட்டும் என்றான்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் போய்க் கையை வைத்தேன். முதுகுத்தண்டின் இரு பக்கமும் தசை கயிறாக முறுக்கிக் கிடந்தது, தொட்ட இடம் துள்ளியது. அதை யாரும் நடிக்க முடியாது. எழ மாட்டேன் என்று அவர் அடம்பிடிக்கவில்லை, எழத்தான் முயன்றுகொண்டிருந்தார். "நான் வேணும்னு பண்ணல டாக்டரம்மா. அவுககிட்டச் சொல்லுங்க" என்றார். கண்ணில் தண்ணீர் இல்லை, வெட்கம்தான் இருந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை.

வில்லேஜ் ஆபீசர் என்னிடம் நேராகவே கேட்டார்: இவருக்கு நோயா, இல்லையா? என்னிடம் இருந்த பதில்கள் இரண்டுமே தப்பு. நோய் என்றால் இவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, முத்தையாவை மட்டும் அந்த வீட்டுக்கு ஏற்றிவிடுவார்கள். இழுக்கவும் ஆள் இல்லாமல் அவர் அங்கே கிடப்பார். நோய் இல்லை, மனசு என்றால், நடிப்பு என்று சொன்ன மனிதருக்கு நானே சாட்சி. இரண்டு வழியிலும் முத்தையா மேட்டுக்குக் கீழேதான் போய்ச் சேருவார். எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள், ஜீப் டிரைவர் ஹாரன் அடிக்கிறான்.

"வலி நெசம்ங்க" என்றேன். "அது வர்ற எடம் அந்த ஊடு. ஊட்டை மாத்துனா வலி போகும், இங்க வந்து போச்சே, நீங்களே பாத்தீங்களே. ஊட்டை மாத்தாம நான் எந்த ஊசிக்கும் சரின்னு சொல்ல மாட்டேன். இந்த மனுசனையும் அந்த ஜீப்புல ஏத்த மாட்டேன்."

வெல்ஃபேர் ஆபீசர் சிரித்தார். மேடம், அந்த மேடு என் அப்பா காலத்திலிருந்து அங்கேதான் இருக்கிறது, பயம் எல்லாம் மனதில்தான், அதற்குத்தான் வகுப்பே வைத்தோம் என்றார். அந்தப் பழரசப் பாக்கெட் வகுப்பு ஞாபகம் வந்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது. வாங்க, போய்ப் பார்க்கலாம் என்று நானே அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வில்லேஜ் ஆபீசரும் பின்னால் ஏறிக்கொண்டார்.

லயத்துக்குப் பின்னால், மேட்டின் மேலே, தேயிலைச் செடிக்கு நடுவே ஒரு நீலத் தார்ப்பாய் விரித்திருந்தது. ஓரத்தில் கல் வைத்திருந்தார்கள். தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க எஸ்டேட் ஆட்களே விரித்தது. வில்லேஜ் ஆபீசர் ஒரு கல்லைத் தள்ளிவிட்டுத் தார்ப்பாயைத் தூக்கினார். மண் வாய் பிளந்திருந்தது, என் கை முழுதாக உள்ளே போகும்.

"ஏனுங்க சார், பயம் மனசுலதான் இருக்குதுன்னா, இந்தத் தார்ப்பாயை எங்க விரிச்சீங்க?" என்று கேட்டேன்.

வெல்ஃபேர் ஆபீசர் குனிந்து தார்ப்பாயின் ஓரத்தை இழுத்து மூடினார். கெட்ட மனிதர் இல்லை அவர். காலி வீடு இல்லை, கணக்குக் காட்ட வேண்டும், மேலே கேட்பார்கள், அவருக்கும் ஆயிரம் தொல்லை. அவருக்கும் வயிற்றில் புண் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. வில்லேஜ் ஆபீசர் ஃபோனை எடுத்துக்கொண்டு தனியாகப் போய் நெடுநேரம் பேசினார். திரும்பி வந்து, அந்த ஒரு லயத்தை மட்டும் இப்போது திருப்பி அனுப்ப முடியாது என்று சொன்னார். பள்ளிக்கூடம் ஒரு வகுப்பறை குறைவாகத் திறந்தது. அப்புறம் எத்தனையோ நடையும் பேச்சுவார்த்தையும் ஆகி, ஃபேக்டரிக்குப் பக்கத்தில் சமதளத்தில் பூட்டிக் கிடந்த பழைய குவார்ட்டர்ஸைப் பழுது பார்த்துக் கொடுத்தார்கள்.

அந்த மேடு இன்றைக்கு வரைக்கும் விழவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் அந்த வெல்ஃபேர் ஆபீசர் பண்டிகைக்கு ஃபோன் செய்து, உங்கள் மேடு பத்திரமாக நிற்கிறது மேடம் என்று கிண்டல் செய்கிறார். நிற்கட்டும், நல்லது. மேடு விழுந்தால்தான் அந்த வலி உண்மை என்று நான் எப்போது சொன்னேன்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பேச்சியம்மாளின் வலி எல்லாம் மாயமாகப் போய்விடவில்லை. காலமெல்லாம் கொழுந்து எடுத்த தோள், தேய்மானம் தேய்மானம்தான். சர்க்கரைக்கு மாத்திரை இன்னும் உண்டு. ஆனால் தாடை வலியும் கழுத்துப் பிடிப்பும் போயின. மிச்சத்துக்கு நம் பயிற்சி பலன் கொடுத்தது. பயத்தில் இறுகிக் கிடக்கும் தசைக்கு ஒத்தடம் கொடுத்துக் கொடுத்து நாம் வீணாக்கிய நேரத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

இதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அடுத்த மழைக்காலத்தில், வேலையிலிருந்து நான் விடைபெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, அந்தப் புது வீட்டுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குடை தாங்காத மழை. கதவு சும்மா சாத்தியிருந்தது. கூப்பிட்டேன், பதில் இல்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். பேச்சியம்மாள் தரையில் பாயில், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது.

முத்தையா கட்டிலில் விழித்திருந்தார். வீட்டில் நான் பார்த்த வரையில் பகலில் அந்த மனிதர் எழுப்பாமலே விழித்திருந்தது அன்றைக்குத்தான். இடது கையைத் தூக்கி, உஷ் என்று காட்டினார்.

"எழுப்பாதீக" என்றார், குழறலாக. "தூங்கட்டும்."

குடையைச் சுருக்கி வைத்துவிட்டு அவர் கட்டிலோரம் உட்கார்ந்தேன். சும்மா இருக்க முடியாமல், இப்போது பகல் தூக்கம் இல்லையா, குறட்டை எல்லாம் எங்கே போயிற்று என்று மெதுவாகக் கேட்டேன். பேச்சியம்மாள் அசைகிறாரா என்று அவர் பாயைப் பார்த்துக்கொண்டார். பிறகு, ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னார்.

"அங்ஙன ராத்திரி நான் தூங்குனதே இல்ல. எனக்கும் அந்தச் சத்தம் கேக்கும்லா. நானும் முழிச்சுக் கெடக்கேன்னு தெரிஞ்சா, அது இன்னும் பயந்துரும். அதான் குறட்ட விட்டுக்கிட்டுக் கெடந்தேன்."

மழைக்காலம் முழுக்க, மனைவி மடியில் தலையை வைத்து, அவள் விரல் அக்குளில் இறுகுவதைத் தெரிந்துகொண்டே, அசையாத அந்த உடம்போடு, விடியும்வரை குறட்டை விட்டிருக்கிறார். நாங்கள் மாத்திரையை மாற்றினோம், அளவைக் கூட்டினோம், உப்பைக் குறைத்தோம். நான் கையுறை வாங்கிக் கொடுத்தேன். அவரிடம் தூங்குகிறீர்களா என்று யாரும் கேட்கவே இல்லை, குறட்டை கேட்கிறதே என்று விட்டுவிட்டோம். கேம்பில் ஒரு பெண்ணைப் பார்த்து நடிப்பு என்றார்களே, அந்த வீட்டில் நடித்தது இவர் ஒருவர்தான்.

"அதுகிட்டச் சொல்லீராதீக" என்றார்.

சொல்லவில்லை. இன்றைக்கு உங்களிடம்தான் முதல்முறையாகச் சொல்கிறேன். அன்றைக்கு அவருடைய வலது கையை எடுத்து என் மடியில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது, கையுறைகூட இல்லை, விரல்கள் விறைக்காமல் நீண்டன.